காத்திருத்தல் அறமாகுமா?

பொறுமையைப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நம் வீடுதோறும் வழங்கும் பழமொழி. ஆசிரியத் தொழிலுக்கு வருவோர்க்கு முதலில் அறிவுறுத்தப்படும் பண்பும் பொறுமையே. எனினும், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளோடு வாழ்ந்துவிட்ட எனக்கு ஒரு வினா நெடுங்காலமாக உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. பொறுமை எல்லா நேரத்திலும் அறந்தானா? யாருடைய இழப்பை யார் பொறுத்துக்கொள்வது?

இவ்வினா நூல்களைப் படித்ததால் எழுந்ததன்று. ஒரு சிறுவனால் எழுந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பயிற்சி முடித்து, ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு ஆசிரியராகப் பணியேற்றேன். என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். பேச்சில் தெளிவிராது, மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால், கரும்பலகையில் எழுதியவற்றை அச்சுக் கோத்தாற்போன்ற கையெழுத்தில் பார்த்து எழுதிவிடுவான். சொல்வதெழுதுதல் என்று வந்துவிட்டால் அவனது ஏடு வெறுமையாகவே இருக்கும். பார்த்து எழுதுகிறவன் கேட்டு எழுதவில்லையே, ஏன் என்று ஒரு நாளேனும் நான் எண்ணிப் பார்த்தேனா? இல்லை. கவனமற்றவன் என்று முடிவு கட்டினேன். மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடாதிருக்க அவனைப் பின்வரிசையில் அமர்த்தினேன்.

பால்மரம் வெட்டிவிட்டு வந்த கோலத்திலேயே அவன் தாய் ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். "சார், பையன் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான். பேச்சும் சரியா வரல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணுமா சார்?" என்று கேட்டார். இளைஞனாகிய நான், எல்லாம் அறிந்தவன்போல், "பொறுமையா இருங்கம்மா. சில பிள்ளைங்க அப்படித்தான். போகப் போகச் சரியாயிடும்" என்றேன். அன்று அதனை ஆறுதல் மொழி என்றே நம்பினேன்.

அவன் நான்காம் ஆண்டில் பயின்றபோது, கடுங்காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அங்கிருந்த மருத்துவர் ஒருவர் ஐயுற்று, செவிச் சோதனைக்கு அனுப்பினார். இரு செவிகளிலும் கேட்கும் திறன் பெரிதும் குறைந்திருந்தது. குழந்தைப் பருவத்திலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டும் என்றார்கள். செவிக்கருவி பொருத்தப்பட்டது. ஆயின், மொழியைத் தாய்ப்பால்போல் இயல்பாகப் பருகும் ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. கருவி ஓசையைத்தான் கொடுத்தது. ஓசைக்குள் இருக்கும் பொருளைக் கொடுக்க அதனால் இயலவில்லை.

பின்னர் அத்தாயிடம் பேசியபோதுதான் முழுக் கதையும் விளங்கியது. பிள்ளைக்கு இரண்டு வயதானபோதே அவர் ஐயுற்றிருக்கிறார். "இவன் மாமனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று பாட்டி ஆறுதல் கூறியிருக்கிறார். நான்கு வயதில், ஆயாக்கொட்டகையில் இருந்தவர், ஆண்பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்றிருக்கிறார். ஆறு வயதில், பள்ளிக்குப் போனால் எல்லாம் வந்துவிடும் என்று பாலர் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயதில் நான். "நீங்களே சொன்னப்புறம் நான் என்னா சார் செய்யிறது" என்றார் அத்தாய். அவர் குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் என் நெஞ்சு சற்று ஆறியிருக்கும்.

எண்ணிப் பாருங்கள். நால்வர் பேசினோம். நால்வருமே அன்பினால்தான் பேசினோம். ஒருவரும் அச்சிறுவனுக்குத் தீங்கு நினைத்ததில்லை. எனினும் எங்கள் நல்ல வார்த்தைகள் நான்கின் கூட்டுத்தொகை, ஒரு குழந்தையின் எட்டு ஆண்டு.

இங்குத்தான் பொறுமை என்னும் சொல்லை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. வள்ளுவர் போற்றும் பொறை, பிறர் தமக்குச் செய்த தீங்கைத் தாம் தாங்கிக்கொள்ளும் பண்பாகும். தன்னை அகழ்வாரைத் தாங்கும் நிலம் அதற்கு உவமையாயிற்று. அங்குத் துன்பத்தை ஏற்பவரும் பொறுப்பவரும் ஒருவரே. பாட்டியும் நானும் பொறுத்தபோது, இழந்தவன் வேறொருவன். பிறனுக்கு வரும் இழப்பை நாம் அமைதியாக ஏற்றுக்கொள்வதற்குப் பொறுமை என்று பெயரிடலாமா? வாய் திறந்து முறையிட இயலாத குழந்தையின் சார்பில் நாம் காட்டும் பொறுமை, பெரும்பாலும் நம்முடைய தயக்கத்திற்கு நாமே சூட்டிக்கொள்ளும் அழகிய பெயராகவே முடிகிறது. எவ்வித முடிவும் எடுக்காமல் காத்திருப்பதாக நாம் எண்ணுகிறோம். காத்திருத்தலும் ஒரு முடிவே. அதன் செலவைக் குழந்தையே செலுத்துகிறது.

குழந்தைகள் யாவரும் ஒரே நாளில் நடப்பதில்லை; ஒரே நாளில் பேசுவதுமில்லை. இவ்வேறுபாடு இயற்கை. ஆயினும் அதற்கும் எல்லைகள் உண்டு. 18 மாதங்களுக்குள் தானே நடத்தல், 2 வயதளவில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதல், தான் விரும்பிய பொருளை விரலால் சுட்டிக்காட்டித் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தல் போன்றவை வளர்ச்சியின் மைல்கற்களாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு பிந்துவதையே வளர்ச்சித் தாமதம் என்கிறோம். செவித்திறன் குறை, மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி, ஆட்டிசம், குறைமாதப் பிறப்பு என அதற்குக் காரணங்கள் பலவாகலாம். காரணம் புலப்படாமலும் போகலாம். பள்ளி வயதுவரை காத்திராமல், பிறந்தது முதல் ஐந்தாறு வயதுக்குள், பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி, விளையாட்டு, பெற்றோர்க்கான வழிகாட்டல் ஆகியவற்றை ஒருங்கே அளிப்பதுதான் தொடக்ககால உதவி.

ஏன் அத்துணை விரைவு? ஐந்து வயதுக்குள் குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. காலம் எத்துணைக் கண்டிப்பானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு தைராய்டுச் சோதனை செய்கிறார்கள். அச்சுரப்பு குறைந்த குழந்தை பார்வைக்கு நலமாகவே தோன்றும். பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மருந்தைத் தொடங்கிவிட்டால், அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாக அமையும். மாதக்கணக்கில் பிந்தினால், பிறகு எவ்வளவு மருந்து கொடுத்தும் இழந்த அறிவை முழுமையாக மீட்டல் அரிது. மருந்து ஒன்றே, மாறுவது நாட்காட்டி மட்டுமே.

செவித்திறன் செய்தியும் இத்தகையதே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் யோஷினாகா-இட்டானோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்திற்குள் செவிக்குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் தெளிவாக மேம்பட்டிருந்ததைக் காட்டியது. அவ்வாய்வைப் படித்த இரவு நான் உறங்கவில்லை. ஆறு மாதத்தையும் பத்து ஆண்டையும் மனம் மாறி மாறி ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இத்துறையில் மற்றொரு வரலாறு, கல்வியாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. 1930களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்னும் உளவியலாளர் பணியாற்றினார். அநாதை விடுதியில் வளர்ச்சி குன்றிக் கிடந்த குழந்தைகள் 13 பேர், அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கான இல்லத்திற்கு மாற்றப்பட்டனர். அங்கு வாழ்ந்த பெண்கள் அக்குழந்தைகளைத் தூக்கி வளர்த்தனர், பேசினர், விளையாட்டுக் காட்டினர். அவர்களே அறிவு குன்றியோர் எனச் சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவர்கள். குழந்தைகளின் அறிவுநிலை வியக்கத்தக்க வகையில் உயர்ந்தது. விடுதியிலேயே விடப்பட்ட 12 குழந்தைகளின் நிலையோ மேலும் தாழ்ந்தது. பின்னாளில் ஸ்கீல்ஸ் அவர்களைத் தேடிச் சென்று மீண்டும் கண்டறிந்து, 1966இல் தம் முடிவுகளை வெளியிட்டார்; முன்னைய 13 பேரும் தம் காலில் நிற்கும் குடிமக்களாக வாழ்ந்தனர். மற்ற 12 பேருள் ஒருவர் இளமையிலேயே இறந்துவிட்டிருந்தார். நால்வர் இன்னும் இல்லங்களிலேயே அடைபட்டிருந்தனர்.

எண்ணிக்கை சிறிது, ஆய்வு முறையில் குறை கண்டோரும் உளர். ஆனால், ருமேனிய நாட்டின் புக்காரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு, 2007இல் இதே திசையைச் சுட்டியது. விடுதியிலிருந்து குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. அவர்களுள்ளும் இரண்டு வயதுக்குமுன் மாற்றப்பட்டவர்களே மிகுந்த பயன் பெற்றனர். ஐயோவாவில் குழந்தைகளை உயர்த்தியது விலையுயர்ந்த கருவி எதுவுமன்று. ஒரு மனித முகம் குழந்தையின் முகத்தை நோக்கிக் குனிந்ததே அங்கு நிகழ்ந்த மருத்துவம். அதனை அளித்த பெண்களுக்குப் பட்டமில்லை, பயிற்சியில்லை. காலத்தில் அளித்தார்கள் என்பதே அவர்களுடைய சிறப்பு.

இனி, எதிர்வாதங்களையும் நேர்மையோடு நோக்குவோம்.

"பிஞ்சுக் குழந்தைக்கு முத்திரை குத்தலாமா? நாளை அவனாகவே தேறிவிட்டால் அம்முத்திரை அழியுமா?" என்பது முதலாவது. இவ்வச்சத்தில் உண்மை உண்டு. பிந்திப் பேசும் குழந்தைகளுள் பலர் தாமாகவே தேறிவிடுவதும் மெய்யே. ஆயின், யார் தேறுவார், யார் தேறார் என்பதைத் திண்ணையில் அமர்ந்து நம்மால் கூற இயலாது. இரண்டு வகையாகத் தவறு நேரலாம். தேவையற்ற குழந்தைக்கு உதவியளித்துவிடுவது ஒன்று. தேவையுள்ள குழந்தைக்கு அளிக்காமல் விடுவது மற்றொன்று. முதல் தவற்றில் சில மாதம் கூடுதலாக விளையாட்டும் பேச்சும் கிடைத்த குழந்தைக்கு இழப்பு ஏதுமில்லை. பெற்றோர்க்கு அலைச்சலும் செலவும் கவலையும்தான். இரண்டாவது தவற்றைத் திருத்த வழியில்லை. ஆகவே, ஐயத்தின் பயன் குழந்தைக்கே உரியது. உதவியளிக்க ஐயம் போதும். முத்திரைக்கு மட்டும் உறுதி வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவுடைமை.

இரண்டாவது, தமிழாசிரியர்களாகிய நம்மை நேரே தொடுவது. பேச்சுப் பிந்திய குழந்தையின் பெற்றோரிடம், "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள், பல மொழிகள்தான் குழந்தையைக் குழப்புகின்றன" என்று கூறுவோர் இந்நாட்டில் உளர். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்திற்குக் காரணமாவதில்லை. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளைக் கொண்டு கனடாவில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும், இருமொழியில் வளர்ந்தோர் ஒருமொழியில் வளர்ந்தோரைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று கண்டது. தாய்க்குச் சரளமாக வாராத மொழியில் அவரைப் பேசச் சொன்னால், பேச்சுக் குறைந்த வீட்டில் பேச்சு இன்னும் குறையும். பேச்சுப் பயிற்சியாளரிடம் குழந்தை வாரத்தில் ஒரு மணி நேரம் இருக்கலாம். விழித்திருக்கும் மற்ற எண்பது மணி நேரமும் அது வீட்டாரோடுதான் இருக்கிறது. குளிப்பாட்டுதல், சோறூட்டுதல், தாலாட்டுதல் ஆகிய யாவும் அங்கே பாடவேளைகளே. நம் பாட்டிமார் குழந்தையின் உள்ளங்கையிலிருந்து அக்குள்வரை விரல்களால் நண்டு ஊரச் செய்து கூச்சம் காட்டும் விளையாட்டை எண்ணுக. நண்டு அக்குளை எட்டுமுன் சற்றே நிறுத்தி, குழந்தையின் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். 'இன்னும்' என்று கண்ணாலோ ஒலியாலோ அது கேட்கும். உரையாடலின் முதல் விதை அதுவே. அரை நிமிடக் காத்திருத்தல் இங்கே அறம். அரையாண்டுக் காத்திருத்தல்தான் அறமன்று.

மூன்றாவது வினா எல்லாவற்றினும் ஆழமானது. "குழந்தையை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வதன்றோ அன்பு? ஏன் மாற்ற முயல வேண்டும்?" என்று சிலர் கேட்கின்றனர். இதற்கு நேர்மாறாக, "இவ்வளவு முயன்றும் இக்குழந்தை மற்றவர்போல் ஆகவில்லையே, உழைப்பு வீணன்றோ?" என்போரும் உளர்.

எங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் பயின்ற ஒரு சிறுமியைக் கூறி இதற்கு விடையளிக்க விரும்புகிறேன். டவுன் நோய்க்குறியோடு பிறந்தவள். ஆறாம் மாதத்திலிருந்தே சமூக மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி பெற்றாள். எட்டு வயதில், தானே உண்பாள், தானே கழிப்பறைக்குச் செல்வாள், பத்துவரை எண்ணுவாள், வாயிலில் என்னைக் கண்டால் இரு கைகூப்பி, "வணக்கம் ஐயா" என்பாள். வாசிக்க வரவில்லை. பள்ளிக்கு வந்த விருந்தினர் ஒருவர், "எட்டு ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா?" என்று என்னிடம் கேட்டார். நான் அப்போது ஒன்றும் கூறவில்லை. இன்று கூறுவேன். தானே உண்ணும் கைக்கும் பிறர் ஊட்டக் காத்திருக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் அளந்து பார்த்ததில்லை. அந்தத் தூரத்திற்குப் பெயர் தன்மானம்.

உதவுதல், குழந்தையை வேறொருவனாக ஆக்குவதற்கன்று. அவன் எவனோ அவனாகவே முழுமையாக மலரும் வழியிலுள்ள முட்களை அகற்றுவதற்கே. தேறினால் பெருமை, தேறாவிட்டால் சுமை என்று எண்ணுமிடத்தில் உதவி வாணிபமாகிறது. மழலைச் சொல்லின் இனிமையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வள்ளுவர் வைத்தார். மூன்று வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அக்குறளை நாம் எவ்வாறு பாடஞ்சொல்வோம்? அவள் மடியிலிருப்பதும் மக்கட்பேறே என்று முதலில் நாம் நம்ப வேண்டும். குழந்தையின் மதிப்பு அதன் முன்னேற்றத்திற்கு முந்தியது. அம்மதிப்பினாலேயே அது நம் உழைப்புக்கு உரியதாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "தொடக்கத்திலேயே வந்திருக்கலாமே" என்னும் சொல் எளிதில் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். ஆட்டிசத்திற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று ஒரு காலத்தில் அறிஞர் சிலரே எழுதினர். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அக்கருத்தைப் பரப்ப ஒரு நூலே வெளியிட்டார். அது பிழையென்று பின்னர்த் தெளிவாயிற்று. அதற்குள் எத்தனை தாய்மார் கண்ணீர் வடித்தனரோ! விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்க்கு, ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி மருத்துவமனைக்குச் செல்வது எளிதன்று. அத்தாய் கேட்டார், விடையளிக்கத் தவறியவர்கள் நாங்கள். பிந்தியதன் பொறுப்பு, கேட்டவரைவிடக் கேட்கப்பட்டவருக்கே மிகுதி.

நாடும் இத்துறையில் நடந்தே வந்திருக்கிறது. 1984இல் திரங்கானுவில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம் பின்னர் நாடெங்கும் பரவியது. 1997இன் சிறப்புக் கல்வி விதிமுறைகள், பிறர் துணையின்றித் தம்மைத் தாமே பேணிக்கொள்ளத்தக்க பிள்ளைகளையே கல்வி பெறத்தக்கவர் எனக் கொண்டன. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. 2013இல் புதிய விதிமுறைகள் பழையவற்றின் இடத்தைப் பெற்றன. 2019 முதல், எப்பிள்ளையையும் பள்ளி மறுத்தலாகாது என்னும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 'யார் கல்விக்குத் தக்கவர்' என்னும் வினா, 'எல்லார்க்கும் தக்கதாகக் கல்வியை எவ்வாறு ஆக்குவது' என்று மாறியிருக்கிறது. இது பெரிய அறமாற்றம். ஆயினும், பள்ளி வாயில் திறந்திருந்தால் மட்டும் போதாது. அவ்வாயிலுக்கு வருமுன் கழியும் ஆண்டுகளே விலைமதிப்பற்றவை.

ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த ஆண்டுகளுக்குள் செய்யத்தக்கது யாது? நாம் மருத்துவரல்லோம், நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் பணியன்று. ஆனால், தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சொல்லுக்கு நம் மக்களிடையே இன்றும் மதிப்புண்டு. ஒரு தாய் நம்மிடம் வந்து ஐயத்தைக் கூறும்போது, 'சரியாகிவிடும்' என்னும் சொல்லை நாவிலேயே நிறுத்திவிடுவோம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தரப்படும் குழந்தை நலப் பதிவேட்டை எடுத்துவரச் சொல்வோம். அதில் வளர்ச்சி குறித்த பக்கங்களை அவரோடு அமர்ந்து தமிழில் படித்துக் காட்டுவோம். 18 மாதக் குழந்தைக்கு ஆட்டிசம் குறித்த வினாப்பட்டியல் அங்கே உண்டென்பதைச் சொல்வோம். முதலில் செவியைச் சோதிக்கச் சொல்வோம். இயன்றால் உடன் செல்வோம். நம் வகுப்பில் உள்ள பிள்ளைக்குத் தம்பியோ தங்கையோ இருப்பின், அக்குழந்தையைப் பற்றியும் அன்போடு கேட்போம். பயிற்சி பெறும் இளைய ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: பார்த்து எழுதுகிற பிள்ளை கேட்டு எழுதவில்லையெனில், அவ்வேடு உங்களிடம் ஏதோ கூறுகிறது.

பொறையுடைமையைப் பாடிய வள்ளுவரே காலமறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். எதற்குப் பொறுப்பது, எதற்கு விரைவது என்று பகுத்தறிவதும் அறத்தின் கூறே என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது. மெதுவாகக் கற்கும் பிள்ளையிடம் ஆயிரம் முறை பொறுப்போம். அப்பிள்ளைக்கு உதவி தேடுவதில் ஒரு நாளும் பொறாதிருப்போம்.

அன்று பின்வரிசையில் நான் அமர்த்திய சிறுவன் இன்று நாற்பது வயதை நெருங்குகிறான். ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். நாணயமான தொழிலாளி என்று பெயரெடுத்திருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் கடைத்தெருவில் என்னைக் கண்டு ஓடிவந்து கைகளைப் பற்றிக்கொண்டான். ஏதோ கூறினான். எனக்கு விளங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதே அழகிய கையெழுத்தில், 'சார் நலமா' என்று எழுதிக் காட்டினான்.

நலம் என்று தலையசைத்தேன். அத்தாளை இன்றும் என் மேசையறையில் வைத்திருக்கிறேன்.